‘இங்கே’ன்னா எங்கே?

என் புத்தகத்தின் 47ஆம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில், இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: “இந்தக் கதையை ஏற்கெனவே இங்கே விரிவாக எழுதிவிட்டதால் திரும்பவும் சொல்லி அறுக்கப்போவதில்லை.” 2012 ஜனவரியில் புத்தகம் வந்தது. பிப்ரவரியில் பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். நல்லா இருக்கு, நம்ம பக்கத்துப் பேச்சு அப்படியே வந்திருக்கு என்றெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “தம்பி, 47ஆம் பக்கத்துல இங்கேன்னு போட்டிருக்கியளே, அது எங்கே? நானும் முன்னயும் பின்னயும் புரட்டிப் பாத்துட்டேன், அகப்படலை” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் வலைப்பதிவில் எழுதியவற்றைத் தொகுத்த புத்தகம் அது. வலைப்பதிவில் அந்த ‘இங்கே’ நீல நிறத்தில் அடிக்கோடு போட்டு இருந்தது. தட்டினால் வேறொரு பதிவுக்குப் போகும். அச்சுக்குப் போனபோது நீலம் கறுப்பாகி, அடிக்கோடு உதிர்ந்து, சொல் மட்டும் அநாதையாக நின்றுவிட்டது. மூன்று முறை புரூஃப் பார்த்தேன், மூன்று முறையும் என் கண்ணுக்கு அது நீலமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

வலைப்பதிவு தமிழ் இலக்கியத்தை என்ன செய்தது, பதிப்பகங்களை என்ன செய்தது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த ஐயாவின் கேள்விதான் ஞாபகத்துக்கு வரும். வழக்கமாகச் சொல்லப்படுவது வேறு கதை: கதவு திறந்தது, ஆசிரியர் குழுவின் தயவு இல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றானது, எழுத்து ஜனநாயகமானது. அது பொய்யில்லை, நானே அதற்குச் சாட்சி. கல்லூரி முடித்த கையோடு வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். போதிய தபால்தலை ஒட்டிய, சுயவிலாசமிட்ட உறையைக் கூட வைத்து அனுப்ப வேண்டும், வைக்காவிட்டால் கதை திரும்பி வராது. வைத்தால் கண்டிப்பாகத் திரும்பி வரும். கடையத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற போஸ்ட்மேன் ஒருநாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, ஒம்ம பையன் அவன் கையெழுத்துலயே அவனுக்கு லெட்டர் போட்டுக்கிடுதான், நல்லாத்தான இருக்கான்?” என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சில வருடம் நான் எதுவுமே எழுதவில்லை.

ஆக, கதவு திறந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இருபது வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, கதவு திறந்ததைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது உள்ளே போனபின் எழுத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான். எழுத்தின் உருவமே மாறிப்போனது. அதன் நீளம், அது பேசுகிற விதம், முக்கியமாக அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது. பதிப்பகங்கள் வலைப்பதிவிலிருந்து அள்ளிக்கொண்டபோது இந்த மூன்றாவது விஷயத்தை மட்டும் அள்ளாமல் விட்டுவிட்டன. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

2006இல் நான் வலைப்பதிவு தொடங்கியபோது வேலை சென்னையில், வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மணிக்கு 20 ரூபாய் வாங்குகிற பிரவுசிங் சென்டர். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் தெரிய வேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு டிக் போட்டு, சி.டி. கேட்டால் கொடுத்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். சென்டர்காரர் சி.டி. எல்லாம் கிடையாது என்று சொல்லிவிடுவார். முகுந்த் குழுவினர் இலவசமாகக் கொடுத்த, தமிழில் அடிக்க உதவும் இ-கலப்பை மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்ற ஜெர்மனியிலிருந்து சுரதா செய்து வைத்திருந்த பொங்குதமிழ் பக்கம். எழுதி முடித்ததும் புதிய பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுவதற்காகக் காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் சேர்த்துவிட்டால், அடுத்த கால் மணி நேரத்துக்கு உங்கள் பதிவின் தலைப்பு முகப்பில் நிற்கும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் “மீ த ஃபர்ஸ்ட்டு” என்று ஒருவர் வந்து பின்னூட்டம் போட்டுவிட்டுப் போவார், அவர் பதிவைப் படித்திருக்க மாட்டார். அதெல்லாம் ஒரு காலம். மொக்கை, கும்மி, அனானி என்று ஒரு தனி அகராதியே இருந்தது. (பெயர் சொல்லாமல் பின்னூட்டம் போடுகிறவருக்கு ‘அனானி’ என்ற சொல்லைத் தமிழுக்குக் கொடுத்ததற்காகவே வலைப்பதிவர்களுக்கு ஒரு சிலை வைக்கலாம்.)

சரி, உருவத்துக்கு வருகிறேன்.

எழுத்தைச் சுமக்கிற வண்டி எதுவோ அதன் அளவுக்குத்தான் எழுத்து வெட்டப்படும், இது புதிது ஒன்றுமில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது, வெகுஜனப் பத்திரிகை எதுவும் தொடாத புதுக்கவிதைக்கு அங்கே இடம் கிடைத்தது, கிடைத்த இடத்தில் அது வளர்ந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் குத்துவாளோடோ ஓர் அலறலோடோ முடிவதற்கு, சோழ வரலாற்றைவிட அடுத்த வாரம் இதழ் விற்க வேண்டும் என்பதுதான் காரணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த நெருக்கடியிலிருந்துதான் அந்த வேகம் வந்தது. எங்கள் தலைமுறை பத்திரிகைக்கு எழுதும்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தது பக்கத்தைத்தான். ஃபுல்ஸ்கேப்பில் ஆறு பக்கம் தாண்டினால் போச்சு. ஒரு பக்கக் கதை என்று ஓர் இனமே தமிழில் உண்டானது எப்படி என்று நினைக்கிறீர்கள்?

வலைப்பதிவில் பக்கம் இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆரம்பத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் பாட்டுக்குப் பத்திரிகைத் துணுக்கு அளவிலேயே எழுதிக்கொண்டிருந்தோம். உறைத்தது யாருக்கு என்றால், ஏற்கெனவே அச்சில் பேர் வாங்கியிருந்த சிலருக்கு. ஜெயமோகன் 2014 ஜனவரியில் தன் தளத்தில் வெண்முரசு எழுதத் தொடங்கினார். மகாபாரதத்தை நாவலாக, தினம் ஓர் அத்தியாயம், ஒரு நாவல் முடிந்தால் நடுவில் சில நாள் ஓய்வு, பிறகு அடுத்தது. 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள். இப்படி ஒன்றை எந்தப் பத்திரிகை தாங்கியிருக்கும்? வாரம் ஓர் அத்தியாயம் என்று போட்டிருந்தால் நம் பேரன் காலத்தில்தான் குருக்ஷேத்திரம் வந்திருக்கும். இதை எழுதியவரோடு ஆயிரம் கருத்து வேறுபாடு வைத்துக்கொள்ளலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பக்கம் என்கிற கணக்கே இல்லாத இடத்தில் ஒரு நாவலாசிரியர் என்ன செய்வார் என்பதற்குத் தமிழில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அடுத்த நாள் காசு கொடுத்து வாங்கவைக்க வேண்டிய அவசியமும் அந்த அத்தியாயங்களுக்கு இல்லை, அதனால் ஒரு அத்தியாயம் முழுக்கக் காட்டையும் நதியையும் சொல்லிவிட்டு அமைதியாக முடியலாம். முடிந்தது. மறுநாளும் ஆட்கள் வந்தார்கள். பதிப்பகம் அங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது, எல்லாரும் இலவசமாகப் படித்து முடித்த ஒன்றைக் கெட்டி அட்டை போட்டு, முன்பதிவு வாங்கி அச்சடிக்கிற இடத்துக்கு. படித்துவிட்டவர்கள்தான் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது வியாபாரம் தெரிந்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். ‘இலவசமாகக் கொடுத்தால் புத்தகம் யார் வாங்குவார்’ என்று பதிப்பாளர்கள் வலைப்பதிவர்களிடம் பதிவுகளைத் தூக்கச் சொன்ன காலம் ஒன்று உண்டு. என்னிடமும் சொன்னார்கள். நான் தூக்கவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே தளத்தில் 2011இன் தொடக்கத்தில் வந்த அறம் வரிசைக் கதைகளை நான் ஆபீசில் உட்கார்ந்து படித்தேன், அக்கவுன்ட்ஸ் முடிக்கிற மார்ச் மாதத்தில், எக்செல் ஷீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு. ஒரு கதை வந்ததும் கடிதங்கள் வரும், கடிதங்கள் தளத்தில் ஏறும், அதற்குள் அடுத்த கதை வந்துவிடும். அந்த ஆண்டே திருவண்ணாமலை வம்சி புக்ஸ் புத்தகமாகக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் ஒன்றான யானை டாக்டரை, டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிய கதை, யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று ஆசிரியரே உரிமையை விட்டுக்கொடுத்தார். ஆளாளுக்குச் சின்னப் புத்தகமாக அடித்துக் கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கொடுத்தார்கள். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு சிறுகதையை நானே பார்த்திருக்கிறேன். பதிப்பாளர், விற்பனையாளர், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிற நூலக ஆணை எதுவும் இல்லாமல் ஒரு கதை அப்படிப் போனது.

இது பெரியவர்கள் கதை. நம்மைப் போன்ற பொடியர்கள் விஷயத்தில் நடந்தது வேறு மாதிரி. பக்கம் இல்லை என்பதோடு, ‘எழுத்தாளர் பாஷை’ என்று ஒன்று வேண்டியதில்லை என்றும் ஆனது. கிராம நிர்வாக அலுவலகத்தில் பட்டா மாற்றுகிறவர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், துபாயில் கட்டட வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர் என்று தங்கள் வேலையைப் பற்றியே எழுதினார்கள், அந்த வேலையின் சொற்களோடு. தமிழ்ப் புனைகதையில் அதுவரை பாத்திரங்கள் பெரும்பாலும் ‘ஆபீஸ் போனார்கள்’, ஆபீசில் என்ன செய்தார்கள் என்று அதிகம் பேர் சொன்னதில்லை. அப்புறம் ஈழத்தவர்கள். சென்னைப் பத்திரிகையில் வந்தால் ‘கதைச்சனாங்கள்’ பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொருள் வந்துவிடும். வலைப்பதிவில் அப்படி எதுவும் இல்லை. டொரன்டோவும் ரொறன்ரோவும் ஒரே திரட்டியில் அடுத்தடுத்த வரியில் நின்றன, நாங்களும் ‘கெதியா’வும் ‘சுணங்கி’யும் யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொண்டோம். எந்த ஆசிரியர் குழுவும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக நடந்தது.

இனி என் ரயிலுக்கு வருகிறேன்.

2007இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். 1904இல் திறந்த பாதை. அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, 2010இல்தான் அகலப் பாதையாக்குவதற்காக மூடினார்கள், முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் புனலூர் போன ஞாபகத்தை வைத்து எழுதினேன்: பகவதிபுரம் தாண்டினதும் வருகிற குகை, ஆரியங்காவு மழை, பதிமூன்று கண் பாலத்தில் வண்டி வளையும்போது ஜன்னலிலிருந்து நம் வண்டியையே நாம் பார்க்கிற அதிசயம். மலை ஏற முடியாமல் முன்னால் இரண்டு இன்ஜின் மாட்டியிருப்பார்கள் என்றும் எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் ‘ரிட்டயர்டு கார்டு’. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், ஒரே பத்தி, நடுவில் முற்றுப்புள்ளியே கிடையாது. தம்பி நல்லா எழுதியிருக்கீங்க ஆனா ஒரு தப்பு, ரெண்டு இன்ஜினும் முன்னால இருக்காது, ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னால, பின்னால இருக்கிறது தள்ளும், என்று ஆரம்பித்தது. அந்தப் பாதையில் இருபது வருடம் ரயில் கார்டாக இருந்தவர். முன் இன்ஜின் டிரைவர் விசில் கொடுத்தால் பின் இன்ஜின் டிரைவர் பதில் விசில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எடுப்பார்கள், மழை நாளில் குகைக்குள் ஒரு விசில் இன்னொன்றை விழுங்கிவிடும், எது கேள்வி எது பதில் என்று தெரியாது. அந்தச் சமயத்தில் கார்டு பெட்டியில் உட்கார்ந்திருப்பவன் செய்வது ஒன்றே ஒன்றுதான், தண்டவாளத்தின் அதிர்வை உள்ளங்காலால் கேட்பது, அதற்காக நான் செருப்பைக் கழற்றிவிடுவேன், என்று எழுதியிருந்தார். ஸ்டேஷனில் நிற்காத வண்டியில், மேற்கொண்டு போக அனுமதியாகத் தருகிற டோக்கன் வளையத்தைக் கைமாற்றும்போது தோளில் விழுந்த அடியைப் பற்றி, மழையில் நனைந்த கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு விரியாமல்போனதைப் பற்றி, தென்மலையில் டீ கொண்டுவந்து கொடுத்த பையன் பின்னாளில் அங்கேயே கேட் கீப்பர் ஆனதைப் பற்றி. என் பதிவைவிட அது நீளம். என் பதிவைவிட அது நன்றாகவும் இருந்தது, இதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

அதற்குக் கீழே செங்கோட்டைக்காரர் ஒருவர் வந்து அவரோடு சண்டை போட்டார், பின் இன்ஜினை எந்த ஸ்டேஷனில் கழற்றுவார்கள் என்பதில். அதற்கும் கீழே ஒரு பெண் தன் தாத்தா ஃபயர்மேனாக இருந்தார் என்று எழுதியிருந்தார். மொத்தம் 63 பின்னூட்டம். அவற்றில் பதினைந்து “அருமை”, நாலு “மீ த ஃபர்ஸ்ட்டு”. ஆபாசமாக வந்த ஒன்றை அழித்துவிட்டேன், அது கணக்கில் இல்லை. மீதியைக் கூட்டிப் படித்தால்தான் அது அந்த ரயில் பாதையைப் பற்றிய எழுத்து. நான் எழுதியது ஒரு தூண்டில் மாதிரி.

2011 கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் என் பதிவுகளைப் புத்தகமாகப் போடலாம் என்றது. பெயர் வேண்டாம், இப்போதும் நண்பர்கள்தான். 300 பிரதி அடிப்பதாகவும், அதில் 100 பிரதியை நானே விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடு. ஒரு காலத்தில் புத்தகம் என்றால் 1000, 1200 என்று அடிப்பார்கள், நூலக ஆணை வந்தால் அதிலேயே போட்ட காசு வந்துவிடும், ஆணை வராத வருடங்களில் பண்டல் பண்டலாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். டிஜிட்டல் அச்சு வந்தபின் 300, பிறகு 100, இப்போது 30கூட அடிக்கிறார்கள். யாரையும் புத்தகமாக்கலாம் என்று பதிப்பாளருக்குத் தைரியம் வந்தது இதனால்தான். வலைப்பதிவு ஆள் பிடித்துக் கொடுத்தது, குறைந்த பிரதி அச்சு அந்த ஆளைப் புத்தகமாக்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் வராமல் போயிருந்தால் நான் இன்னும் கடையத்துப் போஸ்ட்மேனுக்குக் கவலை கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ராயப்பேட்டையில் ஒரு மாடி அறையில் டி.டி.பி. வேலை. பக்கம் வடிவமைக்கிற அக்கா பேஜ்மேக்கரில் வேலை செய்தார், அதில் யூனிகோடு தமிழ் ஓடாது. என் பதிவுகளை யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றினார். அந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அதனால் நான் நடுவில் ஆங்கிலத்திலேயே அடித்துவிட்ட சொற்களெல்லாம் தமிழாகிவிட்டன. பிளாக் என்று நாலு ஆங்கில எழுத்தில் அடித்த இடமெல்லாம் ‘டிடழப’. கூகுள் என்பது ‘பழழபடந’. அக்கா ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டி, “சார், இந்த டிடழபங்கிறது உங்க ஊரா?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். அரை நாள் உட்கார்ந்து எல்லா டிடழபவையும் பிடித்தோம். ‘இங்கே’ தப்பித்துவிட்டது.

எடிட்டர் என்று யாரும் இல்லை. வலைப்பதிவு வந்ததால் எடிட்டர் போய்விட்டார், எழுத்தின் தரம் போய்விட்டது என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ்ப் பதிப்பகங்களில் எடிட்டர் எப்போது இருந்தார்? புரூஃப் பார்க்கிறவர் இருந்தார், சந்திப் பிழை திருத்துவார். ஒரு நாவலை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஆசிரியரோடு மல்லுக்கு நின்றவர் என்றால் க்ரியா பதிப்பகத்து ராமகிருஷ்ணன் ஞாபகத்துக்கு வருகிறார். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தவர், 2020இல் காலமானார். அவரைப் போல இன்னும் சிலர் இருந்திருக்கலாம், விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி நம்மை எடிட் செய்துகொண்டிருந்தது பத்திரிகையின் பக்க எண்ணிக்கைதான். வலைப்பதிவில் அது போனதும் எங்கள் எழுத்துக்குத் தொப்பை விழுந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் பழைய பதிவுகளைப் படித்தால் முதல் மூன்று பத்தி வெறும் தொண்டைக் கனைப்பு. மூன்று புள்ளி, ஸ்மைலி, ‘சரி மேட்டருக்கு வருவோம்’. இந்தக் கட்டுரையிலும் அது போகவில்லை, கவனித்திருப்பீர்கள்.

பக்க எண்ணிக்கை அச்சில் திரும்பி வந்தது. ஒரு ஃபாரம் 16 பக்கம். என் புத்தகம் 12 ஃபாரத்தில், 192 பக்கத்தில் சரியாக உட்கார்ந்தது. நான் ‘ரிட்டயர்டு கார்டு’ எழுதியதை ரயில் கட்டுரைக்குப் பின்னால் சேர்க்கலாமா என்று கேட்டேன். தமிழ் எழுத்தில் மாற்றினால் நாலு பக்கம் வரும். பதிப்பாளர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். 13ஆவது ஃபாரம் போகும், விலை ஏறும், அதோடு அவர் யார், அனுமதி இருக்கிறதா, நாளைக்கு வந்து ராயல்டி கேட்டால் யார் கொடுப்பது? எல்லாம் நியாயமான கேள்வி. கடைசியில் ஒன்று சொன்னார்: “சார், புத்தகம் உங்க பேர்ல வருது. அதுல அடுத்தவன் எழுதினது எதுக்கு?”

அந்தக் கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டுரை அச்சில் வந்தது, தனியாக. இரண்டு இன்ஜினில் ஒன்றைப் பின்னால் மாற்றிவிட்டேன். எங்கிருந்து தெரிந்தது என்று எழுதவில்லை, எழுத அங்கே இடமில்லை. பத்திரிகையில் வந்த மதிப்புரை ஒன்றில் “மலை ரயிலின் நுட்பங்களை ஆசிரியர் துல்லியமாக அறிந்திருக்கிறார்” என்று பாராட்டியிருந்தார்கள்.

பதிவுகளை வலையிலிருந்து தூக்கச் சொன்னபோது நான் தூக்காததற்கு இதுதான் காரணம். என் எழுத்து போனால் பரவாயில்லை, புத்தகத்தில் இருக்கிறது. கீழே இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்?

பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். அதற்கு முன்பே கூட்டம் ஃபேஸ்புக்குக்குப் போக ஆரம்பித்திருந்தது. பதிவர் சந்திப்புகளில் வருகிறவர்கள் குறைந்து, வந்தவர்களும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேஸ்புக்கில் எழுதியதையும் பதிப்பகங்கள் புத்தகமாக்கின, இப்போதும் ஆக்குகின்றன. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் பிரதியையே திறக்கிறார்கள் என்று சொல்வார்கள், ஒரு விதத்தில் அது பழைய நூலக ஆணை மாதிரிதான், விற்பனைக்கு முன்கூட்டியே ஒரு உத்தரவாதம். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வந்தன. பழைய பதிவுகளை அள்ளிப் போட்டு ஒரே ராத்திரியில் பத்து நூல்களின் ஆசிரியர் ஆனவர்கள் உண்டு. சந்தா கட்டிப் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று எண்ணி அதற்குத் தகுந்தாற்போல் காசு தருவதால், அங்கே தொப்பைக்கு மரியாதை அதிகம். பக்கம் மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள், இந்தத் தடவை கூட்டுவதற்கு. பிரதிலிபி என்கிற கதைத் தளத்தில் பெண்கள் எழுதுகிற தொடர்கதைகளுக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் விமர்சனம் குவிவதைப் பார்க்கும்போது மட்டும் பழைய நாட்கள் திரும்பிய மாதிரி இருக்கும். இலக்கியவாதிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்களையும் அப்படித்தான் பார்க்காமல் இருந்தார்கள்.

போன வருடம் பதிப்பாளர் கூப்பிட்டார். புத்தகத்தை யாரோ பாடத்திட்டத்துக்குக் கேட்கிறார்களாம், இரண்டாம் பதிப்பு போடலாமா என்று. சந்தோஷமாகச் சரி என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன்: பேஜ்மேக்கர் ஃபைல் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, பேக்கப்பிலிருந்த ஒரு பிரதி எந்த மெஷினிலும் திறக்க மாட்டேன் என்கிறது, அந்த அக்கா கல்யாணமாகி திருப்பூர் போய்விட்டார். “சார், உங்க பிளாக்ல அதெல்லாம் இன்னும் இருக்கா?”

இருந்தது. எல்லாம் அப்படியே இருந்தது, வலது ஓரத்தில் 2008இல் நின்றுபோன கடிகாரத்தோடு. ஒவ்வொன்றாக எடுத்து வேர்டில் ஒட்டிக்கொண்டே வந்தேன். இப்போது யூனிகோடிலேயே வடிவமைக்கிறார்களாம், டிடழப தொல்லை இல்லை. 47ஆம் பக்கத்து ‘இங்கே’ வந்தபோது, இந்தத் தடவையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று அந்த நீலத்தைத் தட்டினேன். அது என் பதிவே இல்லை. நண்பர் ஒருவரின் தளத்தில் நான் எழுதிய விருந்தினர் பதிவு, அவர் பணம் கட்டாமல் விட்டு அந்த முகவரியில் இப்போது யாரோ ஆன்லைன் ரம்மி விளையாடக் கூப்பிடுகிறார்கள். பாளையங்கோட்டை ஐயாவுக்கு இன்றைக்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

ரயில் பதிவில் 63 பின்னூட்டமும் இருந்தன. இந்த முறை 13ஆவது ஃபாரம் போனாலும் போகட்டும் என்று பதிப்பாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன், அனுமதி மட்டும் நான் வாங்கித்தர வேண்டும். ‘ரிட்டயர்டு கார்டு’ என்ற பெயரைத் தட்டினால், இந்தச் சுயவிவரம் கிடைக்கவில்லை என்று வருகிறது. மின்னஞ்சல் இல்லை, ஊர் இல்லை. 2007லேயே ஓய்வுபெற்றிருந்தவர், இப்போது வயது எண்பதைத் தாண்டியிருக்கும். வேறு வழி தெரியாமல், அவர் எழுதியதற்குக் கீழேயே 64ஆவது பின்னூட்டமாக, ஐயா, நீங்கள் எழுதியதை உங்கள் பெயரோடு புத்தகத்தில் சேர்க்க விரும்புகிறேன், சம்மதமா, உங்கள் பெயர் என்ன என்று கேட்டு, என் நம்பரையும் போட்டுவிட்டு வந்தேன்.

நாலு மாதம் ஆகிறது. போன வாரம் மின்னஞ்சலில் தகவல் வந்தது, உங்கள் பதிவுக்கு ஒரு புதிய பின்னூட்டம் என்று. ஆபீசில் மீட்டிங் நடுவில் எழுந்து வெளியே போய்த் திறந்து பார்த்தேன். குறைந்த வட்டியில் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். அதை அழித்துவிட்டு உள்ளே போனேன்.